முடிச்சு என்னுடையது, கல் உன்னுடையது

பிறந்த நாளிலிருந்து உன்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். பெற்ற மகனைத் தம்பி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்பா கோபமாக இருக்கிறார் என்று சின்ன வயதிலேயே உனக்கு விளங்கிவிடும். இந்தக் கடிதத்தை உன் பெயர் போட்டுத்தான் தொடங்கினேன். இரண்டு வரியோடு நிறுத்திவிட்டேன். தாளைக் கிழித்தெறிய மனம் வராமல் அதன் மறுபக்கத்தில் இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுதிய தாளை எறியக்கூடாது என்று எனக்குப் படிப்பித்தவனும் நீதான். ஆகவே தம்பி, தாளைப் புரட்டிப் பார், உன் பெயர் இருக்கும். கோபமும் அங்கேயே இருக்கிறது, போய்விடவில்லை.

இதை உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. கலியாண வேலை என்று சொல்லிக்கொண்டு கோப்பாயில் சிநேகிதன் வீட்டில் போய் இருக்கிறாய். அங்கே வந்து இதை உன் கையில் தரப்போவது பூமணி. ஆம், பக்கத்து வளவில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிற அதே பூமணிதான். பஸ்ஸில் வரும்போது வாசித்துவிட்டுத்தான் தருவாள். வாசிக்கச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஒழுங்கை வீடுகளில் வேறு யார் கேட்டாலும் காட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். ஒளித்து வைத்துக் கதைத்ததெல்லாம் போதும்.

அம்மா போன பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடப்பேன். பசித்தால் சந்திக் கடையில் சோற்றுப் பார்சல். தின்று முடிந்ததும் சோறு சுற்றி வந்த பொலித்தீன் லஞ்ச் சீற்றை வேலியோரம் எறிவேன். பின்னேரம் எல்லாவற்றையும் கூட்டிக் குவித்து நெருப்பு வைப்பேன். ஒருநாள் நீ படிப்பித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தால் வந்து மோட்டார் சைக்கிளைக் கூட நிறுத்தாமல் அந்த நெருப்பைக் காலால் மிதித்து அணைத்தாய். "உதை எரிக்காதேங்கோ அப்பா. அந்தப் புகை உங்கடை நெஞ்சுக்கை போறது மட்டுமில்லை, பூமணி அக்கா மாக் குழைக்கிற இடத்துக்கும் போகுது," என்றாய். நான் உன்னைப் பேசினேன். காலமெல்லாம் பஸ்ஸில் கொண்டக்டராக நின்று புகையைத் தின்றவனுக்கு இது ஒரு புகையா என்று கேட்டேன். அடுத்த நாள் அம்மாவின் மூடிச் சட்டியைத் தேடி எடுத்துக் கழுவி என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய்.

அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முதல்நாள் கடைக்குப் போன வெட்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "என்னண்ணை, கோயில் அன்னதானத்துக்கோ வந்தனீங்கள்?" என்று கடைக்காரன் பகிடி விட்டான். "ஓம், நீர் ஒருநாளாவது அன்னதானம் செய்வீரோ எண்டு பாக்க வந்தனான்," என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நானும் சிரித்தேன். அப்படித்தான் தொடங்கியது. பனையோலைப் பை இல்லாமல் சந்தைக்குப் போவதில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மிளகாய்க் கன்றுக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கு. வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்தவன் பாதி வாளியோடு நிறுத்தினேன். இவையெல்லாம் பெரிய தியாகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விடியற்காலையில் எழும்ப ஒரு காரணம் இருந்தது. வாழை என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று எழும்புவேன்.

பிறகு நீதான் சொப்பிங் பைகளின் கதையைத் தொடங்கினாய். "கழுவிக் காயவைச்சு எடுத்து வையுங்கோ அப்பா. ரவுணிலை உதுகளை மறுசுழற்சிக்கு எடுக்கிற இடம் ஒண்டிருக்கு. மாசம் ஒருக்கா நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்." நான் நம்பினேன். பால்மாப் பைக்கற், லஞ்ச் சீற், யோகட் கோப்பை, சீனி வந்த பை, எல்லாவற்றையும் கிணற்றடியில் குந்தியிருந்து கழுவினேன். கொடியில் கிளிப் குத்திக் காயவிட்டேன். காய்ந்ததும் உன் அம்மா சீலை மடிப்பது போல நாலாக மடித்து உரச் சாக்கில் அடுக்கினேன். சாக்கின் வாயை நான் கட்டும் முடிச்சு உனக்குத் தெரியும். பஸ் கூரையில் வாழைக்குலையும் மரக்கறிச் சாக்கும் கட்டிப் பழகிய முடிச்சு அது, பள்ளம் திட்டியில் விழுந்தாலும் அவிழாது. நீ சாக்கை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு போவாய். ஒழுங்கை முடக்கில் திரும்பும் மட்டும் நான் வாசல் படலையில் நின்று பார்ப்பேன். பின்னேரம் வந்ததும் கேட்பேன்.

"குடுத்திட்டியே தம்பி?"

"ஓம் அப்பா, குடுத்திட்டன்."

எத்தனை தரம் இந்த இரண்டு வரியைக் கதைத்திருப்போம்? ஒருதரம்கூட உன் முகம் மாறியதை நான் காணவில்லை. அதுதான் இப்போது என்னை வருத்துகிறது.

ஒழுங்கைச் சனம் முதலில் என்னை விசரன் என்றது. கொடியில் வேட்டிக்குப் பக்கத்தில் பால்மாப் பைக்கற் ஆடினால் வேறு என்ன சொல்லும்? நீ அதைப் படம் எடுத்து வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டினாய். உன்னிடம் விஞ்ஞானம் படிக்கிற அந்தப் பிள்ளைகள் என்னைக் கோயிலடியில் கண்டால் "சொப்பிங் பைத் தாத்தா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பிறகு பூமணி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, மாவு வாற பையளை நானும் கழுவித் தந்தால் தம்பி கொண்டுபோவாரோ?" என்று கேட்டாள். அவளைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஒழுங்காகக் கழுவாமல் கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்புவேன், பஸ்ஸில் மிதிபலகையில் தொங்குகிறவனை இறக்கி விடுவது போல. முணுமுணுத்துக்கொண்டு போவார்கள், திரும்பக் கழுவிக்கொண்டு வருவார்கள். என் சொல்லை நம்பி அல்ல தம்பி. வாத்தியார் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்று உன்னை நம்பி.

உனக்குப் பேசியிருக்கிற கோப்பாய்ப் பிள்ளை முதன்முதலில் வீடு பார்க்க வந்தபோது நடந்ததையும் சொல்கிறேன். தேத்தண்ணி குடித்த கையோடு கிணற்றடிக்கு வந்து, என்னோடு நின்று பைகளுக்குக் கிளிப் குத்தினாள். "மாமா, எங்கடை வீட்டிலையும் இனி உப்பிடித்தான்," என்றாள். எங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று உன்னைத்தான் கேட்டாள். "அது நான் பாத்துக்கொள்ளுவன்," என்று நீ சொன்னாய். அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த பெருமையை நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய்.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன். உன் மாமி, என் தங்கச்சி, நோர்வேயிலிருந்து குடும்பத்தோடு உன் கலியாணத்துக்கு வருகிறாள். எங்களுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது அவளுடைய வீடு. திறப்பு என்னிடம். வருகிற சனத்துக்குக் குளிக்க, சமைக்க, குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். கலியாணம் வருகிறதென்றால் கிணற்றை இறைத்துத் தூர்வாருவது இங்கே எல்லோரும் செய்வதுதான். அவளுடைய கிணற்றையும் இறைப்போம் என்று உன்னிடம் சொன்னபோதெல்லாம் நீ தட்டிக் கழித்தாய். "மாமி ஆக்களை ரவுணிலை ஹோட்டலிலை விடுவம் அப்பா. அந்தக் கிணறு பாவிக்கிறேல்லைத்தானே. ஏன் வீண் வேலை?" பிள்ளைக்குக் கலியாணக் களைப்பு என்று நினைத்தேன். உனக்குத் தெரியாமல் வேலையை முடித்து வைத்தால் சந்தோஷப்படுவாய் என்று எண்ணி, கிணறு இறைக்கிற சின்னராசாவை மெசினோடு வரச் சொன்னேன். பூனை விழுந்துவிடும் என்று நீ போட்டு மூடிய தகரத்தை நாங்கள் இரண்டு பேரும்தான் தூக்கினோம்.

தண்ணீர் வற்ற வற்றச் சின்னராசா உள்ளே எட்டிப் பார்த்தான். "அண்ணை, அடியிலை என்னவோ மூட்டை மூட்டையாய்க் கிடக்குது," என்றான். எனக்கு முதலில் வேறு பயம் வந்தது. யுத்தம் நடந்த இந்த மண்ணில் கிணற்றுக்குள் மூட்டை என்றால் என்ன பயம் வரும் என்று நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. அவன் கொழுக்கி போட்டு ஒன்றை மேலே இழுத்தான். உரச் சாக்கு. வாயில் என் முடிச்சு. அவிழாமல் அப்படியே இருந்தது. முடிச்சுக்குக் கீழே வேறொரு கயிற்றால் ஒரு கல் கட்டியிருந்தது. மாமி வீட்டின் இடிந்த மதிலிலிருந்து எடுத்த சுண்ணாம்புக் கல். சாக்கு மிதந்துவிடாமல் இருக்கக் கட்டிய கல். முடிச்சு என்னுடையது, கல் உன்னுடையது. சாக்கை வெட்டினேன். உள்ளே எல்லாம் நாலாக மடித்தபடி இருந்தன. ஒன்றுகூடக் கலையவில்லை.

நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேனே, நீ அந்த முடக்கால் திரும்பிப் போனது ரவுணுக்கு இல்லை. மாமி வீட்டின் பின்பக்கப் படலைக்கு. சின்னராசா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்ல வேண்டாமெண்டால் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அண்ணை," என்றான். நல்ல மனுசன். அவன் அப்படிச் சொன்னது எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. மெசினை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் திரும்ப ஊறிச் சாக்குகளை மூடும் மட்டும் கிணற்றுக்கட்டின் மேல் கையூன்றிக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் நீ வந்ததும் நான் கேட்க, நீ சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எழுதிவிடுகிறேன், பிறகு நான் கூட்டிச் சொன்னேன் என்று வரக்கூடாது. "முதல் கொஞ்ச நாள் உண்மையாக் குடுத்தனான் அப்பா. பிறகு அங்கை எடுக்கிற ஆக்கள் உதுகள் வேண்டாம், போத்தல் மட்டும்தான் எடுப்பம் எண்டு சொல்லிப்போட்டினம்." ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா போனாப் பிறகு நீங்கள் விடிய எழும்பி ஒரு வேலை செய்தது அப்பதான். ஒழுங்கையெல்லாம் உங்களைத் தேடி வந்தது. அதை எப்பிடிக் குழப்பிறது?" சரி, கிணற்றுக்குள் ஏன் என்று கேட்டேன். "ஒருத்தரும் பாவிக்காத கிணறுதானே," என்றாய். கடைசியாக, "கலியாணம் முடியுமட்டும் கதையாதேங்கோ அப்பா. பொம்பிளை வீட்டுக்காரர் என்ன நினைப்பினம்?" என்று என் கையைப் பிடித்தாய். நான் கையை எடுத்துக்கொண்டு போய்க் கால் கழுவினேன். அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன்.

ஒருத்தரும் பாவிக்காத கிணறு என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக்குப் போனோமே. கடலுக்குப் பக்கத்திலேயே உப்பில்லாத தண்ணீர் ஊறுகிறதே, இது எப்படித் தம்பி என்று நான் கேட்டேன். ஈர வேட்டியோடு கேணிப் படியில் இருந்து நீ விளக்கினாய். நாங்கள் இருப்பது ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக் கல்லின் மேல். பெய்கிற மழையெல்லாம் அதற்குள்தான் இறங்குகிறது. "எங்கடை கிணத்துத் தண்ணியும் பக்கத்து வீட்டுக் கிணத்துத் தண்ணியும் வேறை வேறை இல்லை அப்பா. எல்லாரும் ஒரு பானையிலைதான் அள்ளுறம்," என்றாய். இவ்வளவு தெரிந்த பிள்ளையைப் பெற்றேனே என்று அன்று அழுகையோடு அழுகையாகச் சந்தோஷப்பட்டேன். தெரியாதவன் போட்டிருந்தால் அது பிழை. நீ தெரிந்துகொண்டு போட்டாய். மாமியின் கிணற்றுக்கும் பூமணியின் கிணற்றுக்கும் நடுவில் ஒரு மதில்தான் இருக்கிறது.

அதைவிட இன்னொன்று இருக்கிறது. நீ எனக்குப் பொய் சொன்னது அன்பினால் என்கிறாய். நான் நம்புகிறேன். ஆனால் அந்த அன்பு என்னை என்ன ஆக்கியது என்று யோசித்துப் பார். அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுத்து இருத்துவது போல, அம்மாவை நினைத்து அழாமல் இருக்க எனக்குச் சொப்பிங் பை கொடுத்து இருத்தியிருக்கிறாய். நான் ஊருக்கு ஒரு காரியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கிழவனுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாய். ஒரே வீட்டில், ஒரே மேசையில் புட்டுத் தின்றுகொண்டு இரண்டு பேரும் இரண்டு கதையில் இருந்திருக்கிறோம். நீ என்னை ஏமாற்றினாய் தம்பி. இதை வேறு நல்ல சொல்லால் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே, "அப்பா, ரவுணிலை அவை எடுக்கிறேல்லையாம்," என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். பிறகு எழும்பி, சரி, எடுக்க ஆளில்லாத பையை வீட்டுக்குள் ஏன் வாங்குகிறோம் என்று கேட்டிருப்பேன். பூமணி மாவை வாளியில் வாங்கியிருப்பாள். கடைக்காரனோடு நான் சண்டை பிடித்திருப்பேன், அது எனக்குக் கைவந்த வேலை. கழுவிக் கழுவி நாங்கள் செய்ததெல்லாம் குப்பையைச் சுத்தமாக்கியதுதான். குப்பை குறையவில்லை. அது எங்களுக்கு விளங்க நீ இடம் விடவில்லை. இந்தச் சின்னச் சின்ன வேலைகளில் ஒரு கரைச்சல் இருக்கிறது. ஒவ்வொன்றும் பார்வைக்கு ஒன்றுமில்லாதது. அரை வாளித் தண்ணீர், ஒரு பை, ஒரு சட்டி. ஒருவன் செய்வது அடுத்தவனுக்குப் போய்ச் சேருகிறது என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் செய்கிறார்கள். அதை நீ கல்லுக் கட்டி இறக்கிவிட்டாய். இனி எங்கள் ஒழுங்கையில் ஒருத்தி மழைத்தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பு என்று சொன்னாலும், இன்னொருத்தி என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.

நீ கேட்டுக்கொண்டபடி சில நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த நாட்களிலும் பூமணி பைகளைக் கொண்டுவந்தாள். "வடிவாக் கழுவியிருக்கிறனோ எண்டு பாருங்கோ அண்ணை," என்று நீட்டினாள். நான் வாங்கினேன். வாங்கிக்கொண்டு, "ஓம், வடிவாயிருக்கு," என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயில் உன் குரல் கேட்டது. ஓம் அப்பா, குடுத்திட்டன். அவ்வளவு லேசாக வருகிறது. மறுநாள் காலையில் வேலியடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாக் குழைத்த கையோடு கேட்டுக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. "அந்தத் தண்ணியிலைதானே அண்ணை நான் மாக் குழைக்கிறன்," என்றாள், அவ்வளவுதான். பிறகு விறாந்தைக்கு வந்து, தான் கொண்டுவந்து தந்த பைகளைத் தேடிப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள். நான் தலை நிமிரவில்லை.

பின்னேரம் அவளே திரும்ப வந்தாள். "தம்பி இறங்கி எடுக்கட்டும் அண்ணை. எடுத்தால் நான் கலியாணத்துக்கு வாறன். இல்லையெண்டால் எனக்குச் சொல்லவேண்டாம்," என்றாள். அவள் உன்னை இன்னும் தம்பி என்றுதான் சொல்கிறாள். அதைக் கவனித்துக்கொள்.

கலியாணம் கட்டப் போகிறவனுக்கு அப்பா புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. உன்னை நம்பி வருகிற பிள்ளையிடம், அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒன்றையும் மறைக்காதே. அவள் உன்னிடம் கேட்பது சந்தோஷம் இல்லை, உண்மை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்கவில்லை என்று சொல். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். சண்டை வரும். உன் அம்மாவும் நானும் பிடிக்காத சண்டையா? பிடித்துவிட்டுப் புட்டுத் தின்றோம். கிணற்றுக் கதையை அவளிடம் நீயே இப்போதே போய்ச் சொல்லு, பூமணி அங்கே படலையில் காத்து நிற்கும்போதே. ஊரார் சொல்லி அவள் அறியக்கூடாது.

புதன்கிழமை காலை சின்னராசா மெசினோடு வருகிறான். தாலிக்குப் பொன்னுருக்கு வெள்ளிக்கிழமை. பொன்னுருக்கினால் மாப்பிள்ளை வெளியே போகக்கூடாது என்று நீ சாட்டுச் சொல்லாமல் இருக்கத்தான் அதற்கு முன்னமே ஒரு நாளைப் பார்த்தேன். இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்க உன் பழைய சாரத்தைத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன், இப்போது அந்தக் கொடியில் வேறொன்றும் இல்லை. மேலே வருகிற சாக்குகளை ஒழுங்கைப் பெண்கள் வாங்கி அடுக்குவார்கள். உன்னைப் பேசுவார்கள். கேட்டுக்கொண்டு அடுத்த சாக்கைக் கட்டு. எடுத்த சாக்குகளை எங்கே கொண்டுபோவது என்று எனக்கும் தெரியாது. தெரியாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். வழி பிடிபடும் மட்டும் எங்கள் விறாந்தையில் கிடக்கட்டும். கலியாணத்துக்கு வருகிற சனமும் பார்க்கட்டும்.

மாமியின் கிணறு ஆழம், உனக்குத் தெரியும். உள்படிகள் உடைந்து போய்விட்டன. இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்கவேண்டும். கயிற்றைத் தான் பிடிப்பதாகச் சின்னராசா சொன்னான். நான் விடவில்லை. முடிச்சை நான்தான் போடுவேன், கயிற்றையும் நான்தான் பிடிப்பேன். உள்ளே இருட்டாக இருக்கும், நீ அண்ணாந்து பார்த்தால் என் முகம் தெரியாது. அப்பா பிடித்திருக்கிறாரா என்று கேள். பிடித்திருக்கிறேன் என்று நான் சொன்னால் பிடித்திருப்பேன். நம்பி இறங்கு.

அப்பா